யு இல்லாத க்யூ: ஸ்கிராபிள் சொற்களும் அவற்றின் பொருளும்

செராஸ்_டீச்சர்:
தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புறப்பாட நடவடிக்கையில் ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளைப் போர்டில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம்) சொல்லித்தருகிறோம். போட்டியில் எந்தச் சொல் செல்லும் என்பதற்குக் காலின்ஸ் சொற்பட்டியல்தான். இரண்டெழுத்துச் சொற்கள் ஓரளவு வந்துவிட்டன, எஸ் ஒட்டத் தெரியும். கையில் க்யூ வந்தால் மட்டும் ஆட்டம் நின்றுவிடுகிறது. ஒன்று, யு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அல்லது எடுத்த எடுப்பில் பையில் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். க்யூவுக்குப் பின்னால் யு தேவைப்படாத சொற்கள் எவை, எந்த வரிசையில் கற்றுத்தரலாம்? பொருளும் வேண்டும். பொருள் சொல்லாமல் பட்டியலை மட்டும் நீட்டினால் பிள்ளைகள் மறுவாரமே மறந்துவிடும்.

நெறியாளர்:
இழை நீளும்போலத் தெரிகிறது, அதனால் எழுத்துக்கூட்டும் முறையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே தமிழில்தான் எழுதுகிறோம், ஆங்கில எழுத்துகளைப் பெயர் சொல்லிக் கோடு போட்டுப் பிரியுங்கள். 'டி' என்றால் டாக்டரில் வருவது, 'டீ' என்றால் டீச்சரில் வருவது. 'இ' என்றால் ஏ-வுக்கு அடுத்த உயிர், 'ஐ' என்றால் மூன்றாவது உயிர். 'பி' என்று வெறுமனே எழுதினால் பஸ்ஸில் வரும் பி. பேனாவின் பி வந்தால் 'பேனா-பி' என்று எழுதவும்.

எழுத்துக்கட்டை:
டீச்சர், முதலில் ஒரே ஒரு சொல்: 'சீ', எழுத்து க்யூ-ஐ. சீனத் தத்துவத்தில் உடலில் ஓடும் உயிராற்றல். ஏரிப்பூங்காவில் காலையில் பெரியவர்கள் மெல்லக் கையசைத்துச் செய்யும் பயிற்சி இருக்கிறதே, சீகொங், அதில் வரும் 'சீ'தான் இது. பன்மை உண்டு, க்யூ-ஐ-எஸ். இந்த ஒரு சொல் போதும், பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து மூன்றெழுத்து இரண்டு. க்யூ-ஏ-டீ: ஏமன், எத்தியோப்பியா பக்கம் இலையை மென்று போதை ஏற்றிக்கொள்ளும் ஒரு செடி. எஸ்-யு-க்யூ: அரபு நாட்டுச் சந்தை, நம்மூர் பசார் மாதிரி. இரண்டுக்கும் எஸ் ஒட்டும். இந்த மூன்றும் விரல்நுனியில் வந்த பிறகு நான்கெழுத்துக்குப் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

பத்துமலை_போர்டு:
எஸ்-யு-க்யூவில் யு இருக்கிறதே?

எழுத்துக்கட்டை:
இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால். யு இல்லாதபோது அது உதவாது, சரி. ஆனால் யு கையில் இருந்தும் க்யூ-யு என்று தொடங்கும் சொல்லுக்கு இடம் இல்லாமல் போர்டு அடைத்துக் கிடக்கும் நேரம் வரும். அப்போது உதவும்.

ஜெலுத்தோங்_அகராதி:
டீச்சரின் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றின் பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதுதான் என் எண்ணம். ஆங்கிலச் சொல் என்று நினைப்பதால்தான் தெரியாத மாதிரி இருக்கிறது. யு இல்லாத க்யூ சொற்களில் பெரும்பங்கு அரபியிலிருந்து வந்தது. அரபியில் 'க' ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டு. ஒன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் க, மற்றது தொண்டையின் அடியில் பிறப்பது. அந்த இரண்டாவதைத்தான் ஆங்கிலத்தில் க்யூவால் குறிக்கிறார்கள். அதே சொற்கள் மலாய்க்கும் வந்தன, தமிழுக்கும் வந்தன. மலாயில் பெரும்பாலும் கே ஆகிவிட்டது, தமிழில் எல்லாமே 'க'.

காதி (மலாயில் காடி): இஸ்லாமிய நீதிபதி, திருமணப் பதிவு அலுவலர். க்யூ-ஏ-டி-ஐ.
தலாக்: மணவிலக்கு. டீ-ஏ-எல்-ஏ-க்யூ.
நிகாப்: கண் மட்டும் தெரியும் முகத்திரை. என்-ஐ-க்யூ-ஏ-பி.
புர்கா: பி-யு-ஆர்-க்யூ-ஏ.
பக்கீர்: எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர்.
கிப்லா: தொழுகைத் திசை. க்யூ-ஐ-பி-எல்-ஏ. ஹோட்டல் அறையின் கூரையில் அம்புக்குறி ஒட்டியிருப்பார்களே, அது காட்டும் திசை.
வக்ஃப்: அறக்கொடைச் சொத்து. டபிள்யூ-ஏ-க்யூ-எஃப். பினாங்குப் பிள்ளைகளுக்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சொன்னால் போதும். 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது, சுற்றியுள்ள நிலத்தோடு வக்ஃப் சொத்து.
ஃபிக்ஹ்: இஸ்லாமியச் சட்டவியல். எஃப்-ஐ-க்யூ-எச்.
தரீக்கா: சூஃபி வழிமுறை. டீ-ஏ-ஆர்-ஐ-க்யூ-ஏ. கடைசியில் இன்னொரு டீ போட்டு ஏழெழுத்தாகவும் எழுதலாம்.
கசீதா: புகழ்ப்பாட்டு. க்யூ-ஏ-எஸ்-ஐ-டி-ஏ.
கவ்வாலி: க்யூ-ஏ-டபிள்யூ-டபிள்யூ-ஏ-எல்-ஐ. பாடுபவர் கவ்வால், அதில் கடைசி ஐ கிடையாது. எதிராளி 'கவ்வால்' போட்டால் நீங்கள் ஐ ஒட்டலாம். அந்த ஹூக்கைப் பலர் பார்ப்பதே இல்லை.
இன்குலாப்: புரட்சி. ஐ-என்-க்யூ-ஐ-எல்-ஏ-பி. தொழிற்சங்க ஊர்வல முழக்கத்தில் கேட்ட அதே சொல். ஆனால் நாம் 'கு' என்று ஒலிப்பதால் யு போடத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஐ.
குர்மா: க்யூ-ஓ-ஆர்-எம்-ஏ. இங்கே ஓ. நாசி கண்டார் கடைப்பலகையில் பார்த்த எழுத்துக்கூட்டலைப் போர்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

செராஸ்_டீச்சர்:
இது பெரிய உதவி. ஒரு சந்தேகம். பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் காடி, தலாக், ஃபகிர் எல்லாம் கே போட்டுத்தான் எழுதுகிறார்கள். அதை அப்படியே வைத்தால் ஏற்குமா? க்யூ போடு என்றால் குழம்பமாட்டார்களா?

ஜெலுத்தோங்_அகராதி:
பல சொற்களுக்கு இரண்டு எழுத்துக்கூட்டலும் செல்லும். கே-ஏ-டி-ஐ செல்லும், சி-ஏ-டி-ஐ கூடச் செல்லும். தலாக் கே போட்டும் செல்லும். பக்கீருக்கு கே செல்லும். புர்காவுக்கும் குர்மாவுக்கும் கே செல்லும். கிப்லாவுக்கு கே-ஐ-பி-எல்-ஏ செல்லும். சந்தைக்கு எஸ்-யு-கே செல்லும். போதை இலைக்கு கே-ஏ-டீ, கே-எச்-ஏ-டீ இரண்டும் செல்லும்.

ஆனால் மலாய் எழுத்துக்கூட்டல் எல்லாம் செல்லாது. கவனம் வேண்டிய இடம் இரண்டு. மலாயில் கிப்லாவுக்குக் கடைசியில் டீ உண்டு, ஆங்கிலத்தில் கிடையாது. கே போட்டாலும் க்யூ போட்டாலும் அந்த டீ வந்தால் சொல் போச்சு. மலாயில் வக்ஃபுக்கு நடுவில் இன்னொரு ஏ உண்டு, 'வக்காஃப்'. அதுவும் செல்லாது. நம் பிள்ளைகள் விழும் குழி இவைதான், ஏனென்றால் தினமும் பார்க்கும் எழுத்துக்கூட்டல்.

கே-எச்-ஏ-டீ பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் ஜாவி (மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறை) அழகெழுத்து சேர்ப்பது பற்றி நாடே வாக்குவாதம் செய்ததே, அந்தக் கலைக்கும் இதே எழுத்துதான். ஆனால் சொல் செல்லுபடியாவது அந்த இலையின் பெயராக. பிள்ளைகள் பொருள் கேட்டால் அழகெழுத்து என்று சொல்லிவிட வேண்டாம்.

எழுத்துக்கட்டை:
கே வழி தெரிந்திருப்பது நல்லது. கே ஒன்றுதான் இருக்கிறது, 5 புள்ளி. க்யூவும் ஒன்றுதான், 10 புள்ளி. கையில் எது வந்தாலும் அதே சொல்லை வைக்கலாம். காதியைக் கே போட்டு எழுதினால் 9, க்யூ போட்டால் 14. சொல்லை ஒரு தடவை படித்து இரண்டு கட்டைக்குப் பயன்படுத்துவது லாபம்தானே.

பத்துமலை_போர்டு:
அதே ஏ-டி-ஐ-க்யூவில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. க்யூ-ஏ-ஐ-டி: வட ஆப்பிரிக்காவில் குலத்தலைவர். 'காயிதே மில்லத்'தில் வரும் காயித் இதுதான். அந்தப் பட்டப்பெயரை ஆங்கிலத்தில் யு சேர்த்து எழுதுவார்கள், போர்டில் யு வேண்டாம். காதியும் காயிதும் ஒரே நான்கு கட்டை, வரிசை மட்டும் வேறு. ஒன்றுக்கு இடம் கிடைக்காவிட்டால் மற்றதைப் பாருங்கள்: ஐ கடைசியில் வரவேண்டுமா டி கடைசியில் வரவேண்டுமா என்பதைப் பக்கத்துச் சொல் தீர்மானிக்கும்.

தமான்_தேசா:
பொருள் பொருள் என்று இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா லா? நம் கோலாலம்பூரிலேயே வசிக்கிறார் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்துக்காரர், ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக வெற்றியாளர். 2015-இல் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. 2003-இல் உலகப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது வென்றவர் தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயகோர்ன், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர். போர்டு பொருளைக் கேட்பதில்லை. எழுத்து சரியா, தப்பா, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு எழுத்தின் வடிவத்தைப் பழக்குங்கள்.

ஜெலுத்தோங்_அகராதி:
அவரை அளவுகோலாக வைத்தால் எந்த வாத்தியாரும் கடையை மூடவேண்டியதுதான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த 'தலாக்'கை விட்டுவிட்டு ஐந்து எழுத்தைக் கோவையாக மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் சுமை. சொல் மண்டையில் இருக்கிறது, எழுத்தை மட்டும் அதன்மேல் ஏற்ற வேண்டும்.

பொருள் இன்னொரு இடத்திலும் உதவும்: பன்மை. அல்பேனிய நாணயம் லெக், அதில் நூறில் ஒரு பங்கு 'கிந்தார்'. க்யூ-ஐ-என்-டி-ஏ-ஆர், டி-க்குப் பதில் டீ போட்டும் எழுதலாம். டி உள்ளதற்கு எஸ் ஒட்டும். 'கே-ஏ' ஒட்டி எட்டெழுத்தாகவும் வரும். அந்த எட்டெழுத்து அல்பேனிய முறைப் பன்மை, அதனால் அதற்கு மேல் எஸ் ஒட்டாது. அது பன்மை என்று தெரிந்தவர் எஸ் போடமாட்டார். வடிவத்தை மட்டும் படித்தவர் போட்டுவிட்டு, சொல் செல்லாது என்று எதிராளி சேலஞ்ச் செய்தால் ஒரு சுற்றை இழப்பார். இஸ்ரேல் நாணயமும் அப்படி: எஸ்-எச்-இ-க்யூ-இ-எல். இதற்கு எஸ்ஸும் ஒட்டும், எஸ்-எச்-இ-க்யூ-ஏ-எல்-ஐ-எம் என்ற எபிரேயப் பன்மையும் உண்டு.

தமான்_தேசா:
சரி, தமிழிலும் மலாயிலும் பழகிய சொல்லுக்கு உங்கள் வழி. கிந்தாருக்குமா? அல்பேனியக் காசு எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? அதற்கு என் வழிதான். எழுத்துக் கூட்டமாகப் படித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். பாருங்கள்.

ஏ-க்யூ-டீ மூன்றையும் நடுவில் வையுங்கள். அதோடு ஏ, எல் சேர்ந்தால் தலாக். ஏ, என் சேர்ந்தால் க்யூ-ஏ-என்-ஏ-டீ: ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவான சுரங்கம் வழியாக வயலுக்குக் கொண்டுவரும் கால்வாய், 2016-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. என், ஆர் சேர்ந்தால் டீ-ஆர்-ஏ-என்-க்யூ: மயக்க மருந்து, நீண்ட ஆங்கிலச் சொல்லின் பாதியை வெட்டிய பேச்சு வடிவம். அந்த ஐந்தோடு ஐ சேர்ந்தால் டீ போட்ட கிந்தார். ஏ, ஐ, ஆர் சேர்ந்தால் தரீக்கா.

இன்னொரு கூட்டம்: கிப்லாவின் ஐந்து எழுத்தோடு என், ஐ சேர்ந்தால் இன்குலாப். நிகாபின் ஐந்தோடு எல், ஐ சேர்ந்தாலும் அதே இன்குலாப். ஏழு கட்டையும் இறங்கினால் 50 புள்ளி போனஸ். 18-உம் 50-உம் 68, சதுரங்களின் பெருக்கல் கணக்கில் சேராமலே.

எழுத்துக்கட்டை:
இந்தக் கூட்டம் முறை நல்லது. அட்டைகளை இப்படிச் செய்யுங்கள் டீச்சர். முன்பக்கம் எழுத்துகளை ஆங்கில அகர வரிசையில் எழுதுங்கள்: ஏ-ஏ-எல்-க்யூ-டீ. பின்பக்கம் சொல், தமிழில் ஒரு வரிப் பொருள், எது ஒட்டும் என்பது. பிள்ளை முன்பக்கத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்ல வேண்டும். மாறாகச் சொல்லைக் காட்டிப் பொருள் கேட்டால் பரீட்சைக்கு ஆகும், ஆட்டத்துக்கு ஆகாது. ரேக்கில் (கட்டைகளை நிறுத்தும் தாங்கியில்) கட்டைகள் ஒருநாளும் சொல் வரிசையில் வந்து நிற்கா.

ஒரு வாரத்துக்கு ஆறு அட்டைக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் க்யூ-ஐ, க்யூ-ஏ-டீ, எஸ்-யு-க்யூ, காதி, காயித், வக்ஃப். இரண்டாம் வாரம் தலாக், நிகாப், பக்கீர், கிப்லா, மயக்க மருந்து, நிலத்தடிக் கால்வாய். ஆறெழுத்துக்கு மேல் உள்ளவை பிறகு. போர்டில் அதிகம் விழுவது சின்னவைதான்.

சுங்கை_பீசி:
யு-வுக்காகக் காத்திருப்பது ஏன் தவறு என்பதைக் கணக்கில் காட்டலாம். மொத்தம் 100 கட்டை. யு 4, ஐ 9, ஏ 9, எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக்கட்டை 2. முதல் ஏழு கட்டையில் க்யூ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஆறில் குறைந்தது ஒரு யு இருக்க வாய்ப்பு சுமார் 22 விழுக்காடு. குறைந்தது ஒரு ஐ இருக்க வாய்ப்பு சுமார் 44 விழுக்காடு. அதாவது க்யூவோடு ஐ வருவது, யு வருவதைவிட இரண்டு மடங்கு. அது போக, போர்டிலேயே ஒரு ஐ திறந்து கிடந்தால் கையில் ஐ இருக்கவே வேண்டாம்.

காத்திருப்பதன் விலை வேறு. ஏழு கட்டை விளையாட வேண்டியவர் ஆறு கட்டையோடு விளையாடுகிறார். ஏழு கட்டையும் ஒரே சுற்றில் இறக்கும் பிங்கோ கிட்டத்தட்ட இல்லை என்று ஆகிவிடும்.

செராஸ்_டீச்சர்:
சரி, க்யூ-ஐ தெரிந்த பிள்ளை அதை எங்கே வைப்பது? 11 புள்ளிக்கு எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

எழுத்துக்கட்டை:
11-க்கு வைத்தால் அடிமாட்டு விலைக்கு விற்றது மாதிரி. க்யூ மூன்று மடங்கு எழுத்துச் சதுரத்தில் (அதில் வைக்கும் எழுத்தின் புள்ளி மூன்று மடங்காகும்) விழ வேண்டும், அதுவும் இரண்டு திசையிலும் எண்ணப்பட வேண்டும்.

உதாரணம். ஏழாம் வரிசையில் ஆறாம் கட்டம் முதல் ஒன்பதாம் கட்டம் வரை ஐ-என்-டீ-ஓ கிடக்கிறது. ஆறாம் வரிசை, ஆறாம் கட்டம் மூன்று மடங்கு எழுத்து. அங்கே க்யூ, அதற்கு வலப்பக்கம் ஐ. குறுக்கே க்யூ-ஐ: 30-உம் 1-உம் 31. நெடுக்கே, கீழே கிடக்கும் ஐயோடு இன்னொரு க்யூ-ஐ: இன்னொரு 31. நீங்கள் வைத்த ஐ, கீழே உள்ள என்னோடு சேர்ந்து ஐ-என்: 2. மொத்தம் 64, இரண்டே கட்டைக்கு. க்யூவுக்கு இடப்பக்கமும் ஐக்கு வலப்பக்கமும் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதை மறந்தால் பக்கத்து எழுத்து ஒட்டிக்கொண்டு சொல் கெட்டுவிடும்.

முதல் ஆட்டமே உங்களுடையது என்றால் ஐந்தெழுத்துச் சொல்லைத் தேடுங்கள். எட்டாம் வரிசையில், சொல்லின் புள்ளியை இரட்டிப்பாக்கும் நட்சத்திரம் எட்டாம் கட்டம், இரட்டை எழுத்துச் சதுரம் நான்கிலும் பன்னிரண்டிலும். ஐந்தெழுத்து இருந்தால்தான் நட்சத்திரத்தையும் அதையும் ஒரே சொல்லால் தொட முடியும். தலாக்கை எட்டில் தொடங்கினால் க்யூ பன்னிரண்டில் விழும்: 20-உம் 4-உம் 24, இரட்டிப்பு 48. க்யூவில் தொடங்கும் கால்வாய்ச் சொல்லை நான்கில் தொடங்கினால் அதே 48. நான்கெழுத்துக் காதி இரண்டில் ஒன்றைத்தான் தொடும், 28-தான் வரும். பக்கீரில் க்யூ நடுவில் மாட்டிக்கொள்கிறது, அதனால் எஃபை நான்கில் வையுங்கள்: 42.

பத்துமலை_போர்டு:
முதல் கையில் ஏ-இ-எல்-என்-க்யூ-ஆர்-டீ வந்தால் பத்தில் எட்டுப் பிள்ளை க்யூவை மாற்றப் போகும். அதில் மயக்க மருந்து உட்கார்ந்திருக்கிறது, 48 புள்ளி.

தமான்_தேசா:
இதைத்தான் வடிவம் என்றேன் 😀

சுங்கை_பீசி:
மாற்றுவதே தவறு என்று இல்லை. ஐயும் இல்லை, யுவும் இல்லை, போர்டில் திறந்த ஐயும் இல்லை, க்யூ போட்டால் 15-ஐத் தாண்டாது என்றால் ஆட்டத்தின் முற்பாதியில் மாற்றிவிடலாம். பையில் 7 கட்டையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் மாற்ற விதி இடம் தராது. மாற்றினால் அந்தச் சுற்றுக்குப் புள்ளி பூஜ்யம் என்பதால் க்யூவோடு கையில் உள்ள மற்ற அடைசலையும் சேர்த்துப் போடுங்கள். வி ஒன்று கூடவே இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள், வி வரும் இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

கடைசிக் கட்டம் வேறு மாதிரி. பை காலியான பிறகு க்யூ கையில் மாட்டி, எதிராளி முடித்துவிட்டால், போட்டி விதிப்படி உங்கள் மிச்சத்தின் இரட்டிப்பு அவருக்குப் போகும். க்யூ மட்டுமே 20. பிள்ளைகள் வந்த கட்டைகளைத் தாளில் அடித்துக்கொண்டே வரட்டும். பை காலி, க்யூ இன்னும் இறங்கவில்லை, உங்கள் கையிலும் இல்லை என்றால் அது எதிராளியிடம். உடனே போர்டில் இடப்பக்கமோ மேலேயோ காலியாக இருக்கும் ஐகளைத் தேடி அடையுங்கள். க்யூ-ஐ வைக்க வழி இல்லாமல் செய்தால் அந்த 20 உங்களுக்கு.

குளுகோர்_குமரன்:
இராக்கி, கத்தாரி இரண்டும் செல்லுமா? குவான்டாஸ்? ஆஸ்திரேலிய விமான நிறுவனப் பெயரில் க்யூ-வுக்குப் பின் ஏ-தானே.

ஜெலுத்தோங்_அகராதி:
மூன்றும் செல்லாது, தம்பி. பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொல் போர்டில் கிடையாது. குவான்டாஸ் ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள், அதுவும் ஆகாது. குர்ஆனும் அதனால்தான் பட்டியலில் இல்லை. ஆனால் தட்டச்சுப் பலகையின் மேல் வரிசை, க்யூ-டபிள்யூ-இ-ஆர்-டீ-வை, செல்லும். 21 புள்ளி. அதற்கு எஸ் நேராக ஒட்டலாம், வையை ஐ-இ-எஸ் ஆக்கியும் போடலாம்.

அரபி அல்லாதவற்றையும் எழுதிவிடுகிறேன், இழை முழுமையாகட்டும். எபிரேய எழுத்தின் பெயர் க்யூ-ஓ-பேனா-பி-எச், 18 புள்ளி. இந்த எழுத்தும் அரபியின் தொண்டைக் க-வும் லத்தீன் க்யூவும் ஒரே பீனீசிய எழுத்தின் பிள்ளைகள். பகடையில் ஐந்து, பிரெஞ்சிலிருந்து: சி-ஐ-என்-க்யூ. வடதுருவ இனுயிட் மக்களின் தோல் படகு: யு-எம்-ஐ-ஏ-க்யூ. அங்கேயே கஸ்தூரி எருதின் அடிமயிர்: க்யூ-ஐ-வி-ஐ-யு-டீ. ஃபிஜித் தீவில் கவா பானத்தின் பெயர்: வை-ஏ-க்யூ-ஓ-என்-ஏ. தென்னாப்பிரிக்க இசைவகை எம்-பி-ஏ-க்யூ-ஏ-என்-ஜி-ஏ, எட்டெழுத்து என்பதால் போர்டில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால்தான் முடியும். சூலு மொழியில் அந்த க்யூ நாக்கைச் சொடுக்கும் ஒலி.

பத்துமலை_போர்டு:
கயாக் படகுக்கு க்யூ-ஏ-ஜே-ஏ-க்யூ என்று ஒன்று உண்டே, அதையும் சேருங்கள் அண்ணே. க்யூ ஒன்றுதான் இருப்பதால் இரண்டாவதுக்கு வெற்றுக்கட்டை வேண்டும், அதற்குப் புள்ளி கிடையாது. 30 மாதிரி தெரியும், 20-தான் வரும். பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், வெற்றுக்கட்டையை இதில் வீணாக்கிவிடுவார்கள்.

செராஸ்_டீச்சர்:
க்யூ-ஐயைக் கே போட்டும் எழுதலாம் என்று ஒரு மாணவன் சொல்கிறான். சரியா?

எழுத்துக்கட்டை:
சரி. கே-ஐ ஜப்பானிய உச்சரிப்பிலிருந்து வந்தது. சி-எச்-ஐயும் செல்லும், அதே எழுத்து கிரேக்க எழுத்து ஒன்றின் பெயரும்கூட. பினாங்கு ஹொக்கியனில் 'கீ' என்பார்கள், ஆனால் அந்த ஒலியை வைத்து எழுத்துக்கூட்டப் போகாதீர்கள். கே-எச்-ஐ போர்டில் செல்லும், ஆனால் அது கிரேக்க எழுத்தின் இன்னொரு வடிவம், உயிராற்றல் இல்லை.

குளுகோர்_குமரன்:
கைபேசியில் விளையாடும்போது சில சொல்லை ஏற்கமாட்டேன் என்கிறதே?

தமான்_தேசா:
செயலியின் அமைப்பில் அகராதியைப் பாருங்கள். வட அமெரிக்கப் பட்டியல் வேறு, காலின்ஸ் வேறு. க்யூ-ஐயே வட அமெரிக்கப் பட்டியலுக்கு 2006-இல்தான் வந்தது. காலின்ஸில் 2019-இல் ஓ-கே, இ-டபிள்யூ, இசட்-இ மூன்றும் சேர்ந்தன, பழைய அச்சுப் பட்டியலை வைத்துப் பழகியவர்களிடம் அவை இருக்காது. போட்டி அறிவிப்பில் எந்த ஆண்டுப் பதிப்பு என்று போட்டிருப்பார்கள், செயலியையும் அட்டையையும் அதே பதிப்புக்கு மாற்றிவிட்டுப் பழகுங்கள். தவறாகச் சேலஞ்ச் செய்தால் 5 புள்ளியா 10 புள்ளியா என்பதும் போட்டிக்குப் போட்டி மாறும், அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். க்யூ சொல் போட்டால் எதிராளி கண்ணை மூடிக்கொண்டு சேலஞ்ச் செய்வார், அந்தப் புள்ளி நமக்கு.

செராஸ்_டீச்சர்:
அட்டைகளைத் தயார் செய்கிறேன். பின்பக்கத்தில் மலாய் எழுத்துக்கூட்டலையும் போடலாமா?

ஜெலுத்தோங்_அகராதி:
போடுங்கள். கிப்லா, வக்ஃப் இரண்டுக்கும் மட்டும் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டுக் காட்டுங்கள்.